யாரைக் கூப்பிட்டாள்

பிப்ரவரி 9

என் ஒட்டகமே,

இங்கே எல்லோரும் உருப்படியாக இருக்கிறோம். அண்ணனுக்கு முட்டிவலி, அண்ணிக்கு அண்ணனால் தலைவலி. வேறு குறை இல்லை. உன் வீட்டில் மூன்று பேரும் எப்படி?

இதை உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு விசா வந்துவிட்டது! டிக்கெட்டும் போட்டாயிற்று. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக விமானம் ஏறப்போகிறேன். பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்த அண்ணி, "என்ன, எதையோ திருடிட்டு மாட்டிக்கிட்டவ மாதிரி இருக்கே?" என்றாள். இந்த மூஞ்சியைப் பார்த்தும் உள்ளே விடுகிறார்கள் என்றால் உன் ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான்.

லேபில் லீவு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "நீ போயிட்டா இங்க யாரும்மா ரத்தம் எடுக்கிறது?" என்றார் டாக்டர். "நீங்களும் ஊசி பிடிக்கக் கத்துக்கிட்டவர்தானே டாக்டர்?" என்றேன். உடனே லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மார்ச் நடுவில் கிளம்பினால் ஏப்ரல் முதல் வாரம்வரை உன்னோடு.

பயிற்சி விடுதியில் உன் கையைக் குத்திக் குத்தித்தானே நான் ரத்தம் எடுக்கப் பழகினேன். 'போடி கொசு' என்று நீ ஒருநாள் கத்தினாய். அன்று ஒட்டியது, இன்னும் போகவில்லை. நீ கட்டிலுக்கு வெளியே முழங்கால்வரை காலை நீட்டிக்கொண்டு தூங்குவாய், ஒட்டகம் என்று நான் வைத்தேன். அப்புறம் நீ கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாய். நான் அதே தெருவில் அதே லேபில் இருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். கோபப்படாதே. யார் அந்த ரொட்டிக்கடைக்காரி? உன் கீழ்வீட்டில் கடை வைத்திருக்கிறாள், நம் பாஷை பேசுகிறாள் என்று நீ எழுதியது நினைவிருக்கிறது. அது போதாதா? போன கடிதத்தில் உன் வீட்டுக்காரர் ஒரு வரியில் வந்துவிட்டுப் போனார். அவள் பக்கத்துக்குப் பக்கம் வருகிறாள். அவள் சொன்னாள், அவள் சிரித்தாள், அவளோடு கடற்கரைக்குப் போனேன். நான் உன்னைக் கடற்கரையில் பார்த்ததே இல்லையடி.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் உன் மிக்சியும் டிவியும் பின்னால் அவள் சிரிப்பும் சேர்ந்து கேட்கும். கடிதத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய். அதனால்தான் இந்த வயதிலும் தபால்பெட்டியைத் தேடிப் போகிறேன்.

உனக்கு என்ன கொண்டுவர? வெட்கப்படாமல் எழுது.

உன்
கொசு


பிப்ரவரி 25

என் செல்லக் கொசுவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட கூச்சலில் இவர் குளியலறையிலிருந்து சோப்போடு ஓடி வந்தார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் இல்லையா, எந்தச் சத்தம் கேட்டாலும் யாரோ நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்றுதான் தோன்றும்.

வா, வா, சீக்கிரம் வா. தடித்த துணி எதுவும் வாங்காதே, இங்கே என்னுடையது இருக்கிறது. உனக்குத் தரையைக் கூட்டும். பரவாயில்லை, மடித்துத் தைத்துத் தருகிறேன். எனக்குப் பருத்தி நைட்டி நான்கு கொண்டுவா. இங்கே கிடைப்பதைப் போட்டால் மேஜை விரிப்பைச் சுற்றிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

வீடு சின்னது என்று முன்பே சொல்லிவிடுகிறேன். மகளின் அறையில்தான் நீ படுக்க வேண்டும். அவள் பேசவில்லை என்று மனத்தில் வைத்துக்கொள்ளாதே. பத்தொன்பது வயதாகிவிட்டது. சாப்பிட்டாயா என்றால் ம், காலேஜ் எப்படி என்றால் ம். சுவரிடம் பேசினால்கூட எதிரொலியாவது வரும். நர்சிங்கில் சேர்த்துவிட்டிருக்கிறேன். இந்த ஊர்ச் சான்றிதழ் கையில் இருந்தால் அவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் நாயாக உழைக்கிறேன்.

ரொட்டிக்கடைக்காரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இங்கே வந்த புதிதில், பேச ஆளில்லாமல் குழாயடியில் நின்று அழுத நாட்களில், மாடியேறி வந்து கதவைத் தட்டியவள் அவள். உனக்கும் அவளைப் பிடிக்கும், பார். நீ இறங்குகிற நாள் எனக்கு டூட்டி. அவள்தான் வண்டி எடுத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட வருவாள்.

வழியில் தண்ணீர் நிறையக் குடி. விமானத்தில் காது அடைத்தால் பயந்துவிடாதே, எச்சில் விழுங்கு.

வழிமேல் விழியாக,
ஒட்டகம்


ஏப்ரல் 16

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்தனுப்பிய எல்லாம் உடையாமல் வந்தன. அண்ணிக்குக் கைப்பை ரொம்பப் பிடித்துவிட்டது, வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு நடக்கிறாள். இத்தனை நாள் எனக்குச் சமைத்துப் போட்டாய், உன் கட்டிலில் கிடந்த நல்ல கம்பளியை உருவி எனக்குப் போர்த்தினாய். அதையெல்லாம் மறந்தால் நான் மனுஷியே இல்லை.

நன்றி சொல்லி முடித்துவிட்டேன். இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டு நீ என்னைத் திட்டினாலும் சரி.

விமானம் இறங்கி வெளியே வருகிறேன். கால் தரையில் பாவவில்லை, ஒட்டகம் எங்கே என்று கண் தேடுகிறது. நீ வர மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் தேடியது. அங்கே ஒருத்தி ரொட்டி அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் கொட்டை எழுத்தில் 'கொசு' என்று எழுதித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "கொசுதானே நீங்க? ஒட்டகம் எல்லாத்தையும் சொல்லியிருக்கு!" என்று கட்டிப் பிடித்தாள். என் நைட்டியை வேறு யாரோ போட்டுக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு. அந்தப் பெயர்கள் நம் இரண்டு பேருக்குள் கிடந்தவை என்று நினைத்திருந்தேன்.

அவளே சாவி போட்டு உன் வீட்டைத் திறந்தாள். சர்க்கரை எங்கே, டீத்தூள் எங்கே என்று தேடாமல் எடுத்தாள். எனக்கு விருந்தாளி டம்ளர், அவளுக்கு அவள் டம்ளர். காதில் சுரிதார் பட்டன் மாதிரி ஒரு தோடு போட்டிருந்தாளே, அதேதான் உன் காதிலும். சேர்ந்து வாங்கினீர்களாம்.

முதல் ஞாயிறு ராத்திரிச் சாப்பாட்டில், விடுதி வார்டனின் மூக்குக்கண்ணாடியில் நாம் வாஸ்லின் தடவிய கதையை ஆரம்பித்தேன். இவ்வளவு நாளும் அதைச் சொல்ல ஆளில்லாமல் மூட்டைகட்டி வைத்திருந்தேன். பாதி சொல்லும்போதே அவள், "அந்தம்மா கண்ணு அவிஞ்சு போச்சுன்னு ஆஸ்பத்திரிக்கே போயிட்டாங்களாமே!" என்று முடித்துவிட்டாள். நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். என் கதைக்கு நானே விருந்தாளி.

இன்னொன்று. உன் ஆஸ்பத்திரி லேபைக் காட்டக் கூட்டிப்போனாய். எத்தனை பெரிய கூடம், என்ன வெளிச்சம். ரத்தத்தை மெஷினே குடித்துவிட்டு ரிசல்ட்டைத் துப்புகிறது. என் லேபில் நான்தான் மெஷின். பொறாமையில் வயிறு எரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். அப்போது உன் மேலதிகாரி வந்து யார் என்று கேட்டாள். எனக்கு அந்தப் பாஷை தெரியாதுதான். ஆனால் பக்கத்திலிருந்த உன் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 'சொந்தக்காரங்க' என்று சொன்னாயாமே. கூடப் படித்தவள் என்று சொல்ல நாக்குக் கூசியதா? சின்ன லேபில் ஊசி குத்துகிறவளோடு நீ படித்தாய் என்று தெரிந்தால் குறைந்துபோவாயா?

கடைசியில் உன் மகள் விஷயம். நர்சிங்குக்குப் போவதை நிறுத்திவிட்டேன் என்று அவள் உங்கள் இருவர் முன்னால் சொன்னபோது, நீ கத்துவாய், அழுவாய் என்று நினைத்தேன். நீ "சரி" என்று எழுந்துபோய்த் துணி மடித்தாய். அதற்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நான் கிளம்பிய அன்றைக்கு வழியனுப்பவும் வரவில்லை. 'டூட்டி மாத்த முடியல' என்றாய். உன் வீட்டுக்காரரும் மகளும்தான் வந்தார்கள். அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தேனடி.

நான் என்ன செய்தேன் உனக்கு?

கொசு


மே 4

கொசுவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை கிழிக்கப் போனேன். கிழிக்காமல் பதில் எழுதுகிறேன்.

ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி, அவள் சாவி, அவள் டம்ளர், அவள் தோடு என்று கணக்குப் பார்த்திருக்கிறாய். எனக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனபோது நீ எங்கே இருந்தாய்? தப்புச் சொல்லவில்லை, நீ வர முடியாது. அவள் இருந்தாள். மூன்று நாள் கடையை மூடிவிட்டு இருந்தாள். அவளிடம் உன்னைப் பற்றி ஏன் அவ்வளவு சொன்னேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? எனக்குச் சொல்வதற்கு வேறு என்ன இருந்தது? என் இளவயசு முழுக்க நீதானே.

லேபுக்கு வருவோம். இதை உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். நம் சான்றிதழ் இங்கே செல்லாது. நான் டெக்னீஷியன் இல்லை. வருகிற குப்பிகளில் சீட்டு ஒட்டி மெஷின் வாயில் வைப்பதுதான் என் வேலை. இந்த நாட்டில் கால் வைத்ததிலிருந்து ஒரு மனுஷர் கையில்கூட நான் ஊசி குத்தியதில்லை. கூடப் படித்தவள் என்று சொன்னால், 'என்ன படித்தீர்கள்?' என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்துதான் உன்னைச் சொந்தக்காரி ஆக்கினேன். 'இன்றைக்கு ஒரு பச்சைக்குழந்தைக்கு நரம்பே கிடைக்கவில்லை, கடைசியில் தலையில் எடுத்தேன்' என்று நீ எழுதுவாய். அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? என் வேலையை நீ அங்கே செய்துகொண்டிருக்கிறாய் என்று இருக்கும்.

அதனால்தான் மகளுக்கு அந்தப் படிப்பு. போகட்டும், அதுவும் போயிற்று.

நீ என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஒரு சாயங்காலம் நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் என் மகள் உன் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நீ அவள் தலையை வாரிக்கொண்டிருந்தாய். எட்டாம் வகுப்போடு என்னைத் தலை தொடவிடுவதை நிறுத்தியவள் அவள். "அம்மாகிட்ட வெள்ளிக்கிழமை சொல்லிடறேன் சித்தி. நீங்க பக்கத்துல இருங்க, போதும்" என்றாள். "இருக்கேன்டா" என்றாய் நீ. ஈரத்துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ரவிக்கை முழுக்க நனைந்துவிட்டது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமைவரை என் மேஜையில் உட்கார்ந்து, என் கையால் பரிமாறியதைச் சாப்பிட்டாய். "காலேஜ்லேருந்து ஏன் இவ்ளோ லேட்டு?" என்று நான் அவளைக் கேட்கும்போதெல்லாம் தட்டைப் பார்த்தாய். என் வீட்டில் என் மகளின் ரகசியம் உன்னிடம் இருந்தது. என்னிடம் அவளுடைய 'ம்' மட்டும் இருந்தது.

ரொட்டிக்கடைக்காரியைப் பார்த்து நீ எரிந்தாய். நான் உன்னைப் பார்த்து எரிந்தேன்.

இப்போது என் மகள் உன்னிடம் வந்து ஒரு வருஷம் இருக்க வேண்டும் என்கிறாள். காலையிலிருந்து ராத்திரிவரை கொசு சித்தி, கொசு சித்தி. ஒன்று மட்டும் நேராகச் சொல். நீ கூப்பிட்டாயா?

அவள் அம்மா


மே 19

ஒட்டகமே,

கையெழுத்து போடும் இடத்தில் 'அவள் அம்மா' என்று போட்டிருந்தாய். புரிந்துகொண்டேன்.

நான் கூப்பிடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீ எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

நான் வந்த இரண்டாவது வாரம், "உன் காலேஜைக் காட்டேன்" என்று அவளைக் கேட்டேன். பஸ் ஏறினோம். நீ போட்டோவில் காட்டிய அந்தச் சிவப்புக் கட்டடம் வந்தது. பஸ் நின்றது, பிள்ளைகள் இறங்கினார்கள். இவள் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. "காலேஜ் போயிடுச்சேம்மா" என்றேன். "தெரியும் சித்தி" என்றாள். கடைசி நிறுத்தத்தில் ஒரு நூலகம். அதன் வாசல்படியில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் சொன்னாள். பரீட்சையில் தோற்றதும், அம்மா முகத்தில் விழிக்கப் பயந்து தினமும் பையை மாட்டிக்கொண்டு அங்கே வந்து உட்கார்வதும். "புண்ணையும் சீழையும் பத்தின புஸ்தகத்தைப் பார்த்தாலே குமட்டுது சித்தி. ஆனா அம்மா நான் நர்ஸ் ஆனதுக்கு அப்புறம் என்னென்ன பண்ணுவாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுறாங்க. அதை எப்படி உடைக்கிறது?" என்று கேட்டாள். உன்மேல் பாசம் இல்லாத பிள்ளையா அப்படிக் கேட்கும்?

உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன் என்று உன்னிடம் சாக்குச் சொல்லலாம். அதில் பாதிதான் உண்மை. மீதியையும் கேள். உன் வீட்டில் உன் சிநேகிதிக்கு உன் சாவி தெரியும், உன் டம்ளர் தெரியும், என் கதையின் முடிவுகூடத் தெரியும். இந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியும் என்று இருந்தது. அது நாக்கில் கற்கண்டு மாதிரி இருந்தது. கரைந்துவிடக் கூடாது என்று அதக்கிக்கொண்டேன்.

அவள் வருவதைப் பற்றி. எனக்கும் அவள் எழுதியிருந்தாள். படித்தவுடன் என்ன செய்தேன் தெரியுமா? மாடியறையில் கிடந்த சாமான்களை இறக்கி, தரையைக் கழுவி, புது ஜன்னல்துணி தைக்கக் கொடுத்தேன். அண்ணி, "யாருக்கு?" என்று கேட்டாள். "எனக்குப் பொண்ணு வர்றா" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அண்ணி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் அப்படிப் போனதில் எனக்கே உறைத்தது.

அன்று சாயங்காலமே உன் மகளுக்கு எழுதிப் போட்டேன். 'உன் அம்மா மனசார அனுப்பினால் வா. இல்லையென்றால் இந்த வீட்டுக் கதவு உனக்கு மூடித்தான் இருக்கும்.' ஒட்டியதை மறுபடி பிரித்துவிடுவேன் என்று பயந்து, ஓடிப்போய்த் தபால்பெட்டியில் போட்டேன்.

முடிவு உன் கையில்.

உன்
கொசு


ஜூன் 12

கொசுவுக்கு,

நீ எழுதியதை என் மகள் எனக்குக் காட்டினாள். "சித்தியே இப்படிச் சொல்லிட்டாங்க" என்று அழுதாள். இரண்டு நாள் அவளும் நானும் ஒரே வீட்டில் வேறு வேறு கிரகமாக இருந்தோம். மூன்றாம் நாள் இவர், "அவளை இங்கயே வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப்போறே? பூட்டியா வைப்பே?" என்றார்.

அனுப்புகிறேன். மனசார இல்லை. பொய் சொல்ல எனக்கு வராது. ஒரு வருஷம், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. காலையில் அவளைத் தட்டி எழுப்பாதே, லைட்டைப் போட்டுவிட்டுப் போய்விடு, தானாக எழுந்துவிடுவாள். பால் ஆடையோடு கொடுத்தால் குடிக்க மாட்டாள். கோபம் வந்தால் நகத்தைக் கடிப்பாள், அப்போது கேள்வி கேட்காதே. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதற்காகவும் எழுதுகிறேன்.

இன்னொன்று. தலை மட்டும் நீ வாரிவிடாதே. அவளுக்கே வாரிக்கொள்ளத் தெரியும்.

ஒட்டகம்


செப்டம்பர் 27

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது என்று போனில் சொன்னேன். நேற்று வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். மாடியில் தூங்குகிறாள். டைஃபாய்டு ஆளை உலுக்கித்தான் போட்டிருக்கிறது, கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறது. ஆனால் காலையில் என் தோசைக்கல் இரண்டுதரம் சூடாக வேண்டியிருந்தது, அவ்வளவு பசி. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

இவ்வளவையும் போனில் சொன்னேன். ஒன்றைச் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று உனக்குத் தெரிய வேண்டும். நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். லேப் வாசலில் உட்கார்ந்து பேர் எழுதிக் கொடுப்பாள். குழந்தைகள் வந்தால் அவர்களிடம் ஏதாவது பேசிச் சிரிக்கவைப்பாள், அதற்குள் நான் குத்தி எடுத்துவிடுவேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற படிப்பு படிக்கலாமா என்று யோசிக்கிறாள், உன்னிடம் தானே சொல்வாள். தெருவில், "உங்க பொண்ணா?" என்று யாராவது கேட்டால், "சிநேகிதி பொண்ணு" என்று சொல்வேன். கொஞ்சம் தாமதமாகச் சொல்வேன். அந்தத் தாமதம் எனக்குப் பிடித்திருந்தது.

காய்ச்சல் ஏறிய நாலாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே இருந்த பெண் இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. "தள்ளும்மா" என்று நானே ஊசியை வாங்கினேன். இத்தனை வருஷத்தில் எத்தனை கையைப் பிடித்திருப்பேன், அன்றைக்குத்தான் குத்தாமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் கைதானடி அது. அதே நீள விரல், முழங்கை மடிப்பில் அதே இடத்தில் ஒளிந்துகொள்கிற நரம்பு. விடுதியில் நான் குத்திப் பழகியபோது நீ பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாயே, அவளும் அப்படித்தான் பார்த்தாள். ஒரே குத்தில் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் கூப்பிட ஆரம்பித்தாள். கண் பாதி மூடியிருந்தது. "அம்மா, அம்மா" என்று. எல்லோரும் வலித்தால் அம்மா என்பார்கள், அப்படித்தான் என்று நினைத்தேன். "இங்க இருக்கேன்டா" என்று கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது அவளுக்கு. கையை மெல்ல உருவிக்கொண்டு, "நீங்க இல்ல சித்தி. அம்மா" என்றாள்.

அந்த ஒரு மத்தியானம் முழுக்க அப்படித்தான். அம்மாவை லைட்டைப் போட்டு எழுப்பச் சொல்லுங்க என்றாள். அம்மா வந்தாச்சா என்றாள். காலேஜ் விட்டுட்டேன்னு அம்மா துணி மடிச்சிட்டே இருக்காங்க, நிறுத்தச் சொல்லுங்க என்றாள். அண்ணி வெளியே போய் அழுதாள். நான் அழவில்லை. வராந்தாவில் போய் நின்றேன். உன் ஆஸ்பத்திரிக் கூடத்தைப் பார்த்தபோது எரிந்ததும், ரொட்டிக்கடைக்காரி கதையை முடித்தபோது எரிந்ததும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தரை கழுவி, ஜன்னல்துணி தைத்து, பால் ஆடையை எடுத்துவிட்டுக் கொடுத்து, எல்லாம் செய்தவள் நான். கூப்பிட்டது உன்னை.

காய்ச்சல் விட்டதும் அவளுக்கு எதுவும் நினைவில்லை. அண்ணி சொல்ல மாட்டாள். நானும் சொல்லாமல் விட்டால் உனக்குத் தெரியவே தெரியாது. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஐந்து நாள் ஆனது ஏன் என்று இப்போது புரிகிறதா? அதக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். போன தடவை மாதிரி இது இனிக்கவில்லை. தொண்டையில் நின்றது.

அதனால் சொல்லிவிட்டேன். இது உன்னுடையது, வைத்துக்கொள்.

நீ சொன்னபடி இன்றுவரை அவள் தலையை நான் வாரவில்லை. ஆஸ்பத்திரியில் சிக்குப் பிடித்துச் சடை சடையாகத் தொங்கியது. நர்ஸைக் கூப்பிட்டுத்தான் வாரச் சொன்னேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

உன்
கொசு


அக்டோபர் 11

என் கொசுவே,

உன் கடிதம் வேலைக்குக் கிளம்பும்போது வந்தது. வாசல்படியிலேயே நின்று படித்தேன். அப்புறம் நான் வேலைக்குப் போகவில்லை. ரொட்டிக்கடைக்காரி, "என்னாச்சு, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு" என்றேன். மீதியை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழுதியிருக்க மாட்டேன். அவள் உன்னைக் கூப்பிட்டிருந்தால், என் காதோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். நீ எழுதிவிட்டாய். அதிலும் உன்மேல் எனக்குப் பொறாமைதான், போ.

அவள் கையில் நீ ஊசி குத்திய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் அவளைப் பெற்றேன், அவள் நரம்பு எங்கே ஒளியும் என்று எனக்குத் தெரியாது. இப்போது நீ சொல்லித் தெரிந்துகொண்டேன். என் கையை நானே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆமாம், அங்கேதான் இருக்கிறது.

லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதி விமானம். நான் மட்டும்தான் வருகிறேன். இவருக்குச் சமைத்து வைத்துவிட்டு வர மாட்டேன், சமைக்கக் கற்றுக்கொள்ளட்டும். மாடியறையில் எனக்கு இடமிருக்குமா, இல்லை அண்ணி காலடியில்தானா? கால் நீளம், முன்பே சொல்லிவிட்டேன்.

வந்து உன்னோடு சண்டை போடுவேன். நிறைய பாக்கி இருக்கிறது. உன் லேபிலும் வந்து உட்காருவேன். டாக்டர் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒருதடவை, ஒரே ஒருதடவை, என் கையில் ஊசியைக் கொடு. உன் கைதான் குத்துவதற்கு. நரம்பு கிடைக்காவிட்டால் பல்லைக் கடித்துக்கொள்.

நான் வருவதை மகளிடம் சொல்லிவிடாதே. திடீரென்று போய் நிற்க வேண்டும்.

இல்லை, வேண்டாம். சொல்லிவிடு. பக்கத்தில் உட்கார்ந்து, நீயே சொல். சொல்லும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று நன்றாகப் பார்த்துவைத்து எனக்கு எழுது. சந்தோஷப்படவில்லை என்றாலும் அப்படியே எழுது.

உன்
ஒட்டகம்